கிரவுன் என்றால் கிரீடம் மட்டும்தானா?

கேள்வி இதுதான்: "ஆங்கிலத்தில் கிரவுன் என்றால் கிரீடம் என்று பள்ளியில் படித்தோம். ஆனால் பல் டாக்டர் கிரவுன் போடணும் என்கிறார், லாரிப் பட்டறையில் கிரவுன் போயிடுச்சு என்கிறார்கள், புத்தகத்தில் கிரௌன் சைஸ் என்று போட்டிருக்கிறது, கனடா கோர்ட்டில் கிரவுன் வழக்கு நடத்துகிறதாம். இதெல்லாம் ஒரே சொல்லா, வேறு வேறு சொற்களா?"

ஒரே சொல்தான். லத்தீனில் கொரோனா என்றால் தலையில் சூடும் மாலை. அது பழைய பிரெஞ்சு வழியாக இங்கிலாந்துக்குப் போய் கிரவுன் ஆனது. அகராதியைத் திறந்தால் இருபது பொருள் வரிசையாக நிற்கும், பார்த்தால் தலை சுற்றும். உண்மையில் எல்லாமே மூன்று வழிகளில் கிளைத்தவை. கிரீடம் வட்டமாக இருக்கிறது, அதிலிருந்து ஒரு கிளை. கிரீடம் உச்சியில் இருக்கிறது, அது இன்னொன்று. கிரீடம் வைத்தவன் கையில் அதிகாரம் இருக்கிறது, அது மூன்றாவது. ஒரு இடத்தில் கிரவுன் என்று வந்தால் இது வட்டமா, உச்சியா, அதிகாரமா என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

முதலில் மாலையைச் சொல்லிவிடுகிறேன். ரோமானியப் படையில் வீரச்செயலுக்குத் தகுந்தபடி கொரோனா கொடுப்பார்கள். போரில் சக குடிமகன் ஒருவனின் உயிரைக் காப்பாற்றியவனுக்கு ஓக் இலை மாலை. பகைவர் மதில் மேல் முதலில் ஏறியவனுக்குப் பொன்னில் செய்தது. எல்லாவற்றிலும் உயர்ந்தது எது தெரியுமா? புல். முற்றுகையில் சிக்கிய ஒரு படையையே மீட்டவனுக்கு, அந்தப் போர்க்களத்தில் முளைத்த புல்லைப் பிடுங்கித் திரித்துச் சூட்டுவார்கள். பொன்னுக்கு மேல் புல். நம்மிடமும் இதே மரபு இருந்திருக்கிறது. சேரனுக்குப் பனம்பூ, சோழனுக்கு ஆத்தி, பாண்டியனுக்கு வேம்பு, வென்றவனுக்கு வாகை. அதனால்தான் ஒரு ஆங்கிலச் செய்தியில் சாம்பியனாக 'கிரவுன்' செய்யப்பட்டார் என்று வந்தால், வாகை சூடினார் என்று தமிழில் எழுதுவது அச்சாகப் பொருந்துகிறது.

பைபிள் வாசிக்கிறவர்களுக்கு இங்கே ஒரு விஷயம். வெளிப்படுத்தின விசேஷத்தில் "ஜீவகிரீடத்தை உனக்குத் தருவேன்" என்று வருகிறதல்லவா, கிரேக்க மூலத்தில் அங்கே இருப்பது ஸ்டெஃபனோஸ், அதாவது பந்தயத்தில் ஜெயித்தவனுக்குச் சூட்டும் இலைமாலை. அதே புத்தகத்தில் 19ஆம் அதிகாரத்தில் "அநேக கிரீடங்கள்" என்று வருவது வேறு சொல், அது ராஜாக்களின் பட்டம். ஆங்கிலத்தில் இரண்டும் கிரவுன், தமிழில் இரண்டும் கிரீடம். வித்தியாசம் மொழிபெயர்ப்பில் கரைந்துபோனது.

அசல் தங்கக் கிரீடத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, படம் பார்த்திருப்பீர்கள். பிரிட்டனில் முடிசூட்டும்போது வைப்பது செயின்ட் எட்வர்ட் கிரீடம். 1649இல் மன்னரின் தலையை வெட்டிவிட்டு நாடாளுமன்றம் பழைய கிரீடங்களை எல்லாம் உருக்கிவிட்டதால் இது 1661இல் புதிதாகச் செய்தது. எடை 2 கிலோவுக்கு மேல். 2023 மே 6ஆம் தேதி மூன்றாம் சார்லஸ் தலையில் வைத்ததும் இதுதான், அதுவும் சிறிது நேரம்தான், தேவாலயத்தை விட்டு வெளியே வரும்போது எடை கிட்டத்தட்ட பாதியாக உள்ள இன்னொன்றுக்கு மாறிவிட்டார். நமக்குச் சம்பந்தமுள்ள கிரீடம் வேறொன்று. 1911 டிசம்பரில் டெல்லி தர்பாருக்கு ஐந்தாம் ஜார்ஜ் வந்தார். பிரிட்டிஷ் அரச நகைகள் நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது என்று விதி. அதற்காக 60,000 பவுண்டு செலவில் இந்தியாவுக்கென்று தனியாக ஒரு கிரீடம் செய்தார்கள். அந்த ஒரே நாள் வைத்தார், தலை வலித்தது என்று டைரியில் எழுதினார், அத்தோடு சரி. இப்போது லண்டன் டவரில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. செலவு யார் தலையில் விழுந்தது என்றால், இந்தியாவின் தலையில்தான்.

இனி அதிகாரம் என்ற கிளை. எனக்குப் பிடித்தது இதுதான். ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் தொடங்கி 'தி கிரவுன்' என்று எழுதினால் அது நகையும் இல்லை, அந்த ராஜாவோ ராணியோ என்ற ஆளும் இல்லை. அரசு என்ற சட்டப்பூர்வமான ஆள். ராஜா சாகலாம், கிரவுன் சாகாது. 2022 செப்டம்பரில் இரண்டாம் எலிசபெத் இறந்த அன்றைக்கே 'குயின்ஸ் கவுன்சல்' வக்கீல்கள் எல்லாரும் 'கிங்ஸ் கவுன்சல்' ஆனார்கள், ஆனால் பெரிய குற்ற வழக்குகளை விசாரிக்கும் கிரவுன் கோர்ட் கிரவுன் கோர்ட்டாகவே இருந்தது. பெயர் மாற்ற அவசியமே வரவில்லை.

இங்கிலாந்திலும் கனடாவிலும் குற்ற வழக்கைத் தொடுப்பது கிரவுன். டொராண்டோவில் இருக்கும் உறவினரிடம் கேட்டால் அரசு வக்கீலை 'கிரவுன் அட்டர்னி' என்பார், இல்லாவிட்டால் சுருக்கமாக 'கிரவுன்' என்பார். கனடா நிலப்பரப்பில் பத்தில் ஒன்பது பங்குக்குக் கிட்டத்தட்ட 'கிரவுன் லேண்ட்', அதாவது அரசு புறம்போக்கு. சார்லஸ் அதில் ஒரு சென்ட்டைக்கூட விற்க முடியாது.

இந்தியாவில் 1858 வரை ஆண்டது கிழக்கிந்தியக் கம்பெனி. பெரும் கலகத்துக்குப் பிறகு ஆட்சி கிரவுனுக்குப் போனது. அப்போதைய சட்ட அறிக்கைகளைப் புரட்டினால் வழக்கின் தலைப்பே சொல்லும்: திலகர் மீது 1897இல் போட்ட ராஜத்துரோக வழக்கின் பெயர் 'குயின் எம்ப்ரெஸ் எதிர் பால கங்காதர திலக்'. 1908 வழக்கில் ராணி போய் 'எம்பரர்' வந்துவிட்டார். 1950க்குப் பிறகு அந்த இடத்தில் மாநில அரசு வந்தது, இப்போது 'தமிழ்நாடு அரசு எதிர்' என்று வருகிறது. ஆள் மாறியது, நாற்காலி அதே இடத்தில்.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமா, போலீஸ் எஸ்.பி. தோள்பட்டையைப் பாருங்கள். ஒரு சிங்க முத்திரை, ஒரு நட்சத்திரம். ராணுவத்தில் லெப்டினன்ட் கர்னலுக்கும் அதேதான். பிரிட்டிஷ் லெப்டினன்ட் கர்னல் தோளில் ஒரு கிரீடம், ஒரு நட்சத்திரம். குடியரசு ஆனதும் கிரீடத்தை எடுத்துவிட்டு அசோகர் தூண் சிங்கத்தை வைத்தோம், மற்றபடி வரிசை மாறவில்லை.

இலங்கையில் இந்தச் சொல் இன்னும் ஆழமாகப் பதிந்தது. இலங்கையின் கரையோர மாகாணங்கள் 1802இல் கிரவுன் காலனி ஆயின, கம்பெனிக்கு அங்கே வேலை இல்லை. 1840இல் ஒரு காணிச் சட்டம் கொண்டுவந்தார்கள். காடு, தரிசு, பயிர் செய்யாத நிலம் எதற்கும் உரிமைப் பத்திரம் காட்டாவிட்டால் அது கிரவுனுக்குச் சொந்தம் என்று எடுத்துக்கொள்வது அதன் சாரம். தலைமுறை தலைமுறையாகச் சேனைப்பயிர், அதாவது காட்டை வெட்டி எரித்து இடம் மாற்றி மாற்றிப் பயிர், செய்த கண்டிய கிராமத்தானிடம் பத்திரம் ஏது? அப்படிப் போன மலைநிலம் கோப்பித் தோட்டமானது, அந்தத் தோட்டங்களுக்காக மதுரை, திருச்சி, சேலம் பக்கமிருந்து ஆட்களைக் கொண்டுபோனார்கள். மலையகத் தமிழர் வரலாற்றின் தொடக்கத்தில் இந்த கிரவுன் நிலமும் இருக்கிறது. பழைய இலங்கைத் தமிழ் ஆவணங்களில் இதை 'முடிக்குரிய காணி' என்று எழுதியிருப்பார்கள். 1972இல் குடியரசு ஆனபிறகு 'அரச காணி'. யாழ்ப்பாணத்துப் பழைய உறுதிகளில், அதாவது நிலப் பத்திரங்களில், முடிக்குரிய என்று கண்டால் யாரோ ஒரு சோழ ராஜாவைத் தேடாதீர்கள், விக்டோரியா மகாராணிதான்.

அதிகாரம் என்றால் முத்திரை, முத்திரை என்றால் நாணயமும் காகிதமும். கிரவுன் என்ற நாணயத்தை 1526இல் எட்டாம் ஹென்றி கொண்டுவந்தார், பிறகு 5 ஷில்லிங் என்று நிலைத்தது. 20 ஷில்லிங் ஒரு பவுண்டு என்பதால் ஒரு கிரவுன் கால் பவுண்டு. அரைக் கிரவுன் 1969 முடியும்வரை புழக்கத்தில் இருந்தது. பழைய ஆங்கில நாவல்களில் வண்டிக்காரனுக்கு 'ஹாஃப் எ கிரவுன்' கொடுத்தான் என்று வந்தால் இரண்டரை ஷில்லிங் என்று அர்த்தம். பாதி கிரீடத்தை உடைத்துக் கொடுக்கவில்லை. ஸ்வீடனின் குரோனா, டென்மார்க், நார்வேயின் குரோனே, செக் நாட்டின் கொருனா எல்லாம் இதே சொல்தான்.

காகிதக் கதை நம் வீட்டு அலமாரியிலேயே இருக்கிறது. ஒரு தமிழ்ப் புத்தகத்தின் தலைப்புப் பக்கத்துக்குப் பின்னால் பாருங்கள். தாள், எழுத்து, பக்கம், விலை என்று கட்டம் போட்ட இடத்தில் 'அளவு: கிரௌன் 1/8' அல்லது 'டெம்மி 1/8' என்று இருக்கும். ஐரோப்பாவில் காகிதம் கையால் செய்த காலத்தில், தாளை வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும்படி ஒரு நீர்க்குறி வைப்பார்கள். கிரீடக் குறி வைத்த தாளின் அளவு 20க்கு 15 அங்குலம் என்று நிலைத்தது, அதற்குப் பெயர் கிரௌன். அந்தத் தாளை மூன்று முறை மடித்தால் எட்டு இதழ், பதினாறு பக்கம், ஒரு பக்கம் ஏழரைக்கு ஐந்து அங்குலம். 1/8 என்பது அந்த எட்டு. நம் அச்சகங்களில் வாங்குவது 20க்கு 30 அளவுள்ள 'டபுள் கிரௌன்' தாள். கையடக்கமான பழைய நாவல்கள் பெரும்பாலும் இந்த அளவுதான், இப்போது பதிப்பாளர்கள் அதைவிடச் சற்றுப் பெரிய டெம்மி அளவுக்குத் தாவிவிட்டதால் அலமாரியில் பழையதும் புதியதும் உயரம் ஒட்டாமல் நிற்கின்றன. இன்னொரு தாளில் கோமாளியின் குல்லாவை நீர்க்குறியாக வைத்தார்கள், அதுதான் நாம் பரீட்சைக்கு வாங்குகிற 'ஃபுல்ஸ்கேப்'. நிறையப் பேர் அதை முழுத்தாள் என்ற பொருளில் 'ஃபுல்' என்று நினைக்கிறார்கள், அந்த 'ஃபூல்' முட்டாள்.

அடுத்தது உச்சி. இதற்குத் தமிழ்க்காரர்கள் ஆச்சரியப்படவே கூடாது, ஏனென்றால் நம் 'முடி' அப்படியே இதைச் செய்கிறது. தலைமயிரும் முடி, கிரீடமும் முடி, ஆனைமுடி என்றால் மலை உச்சி. பழனியில் இறக்குவதும் முடிதான், ராஜா துறப்பதும் முடிதான். எல்.கே.ஜி. பிள்ளைகள் பாடுகிற ஜாக், ஜில் பாட்டில் ஜாக் விழுந்து கிரவுனை உடைத்துக்கொள்கிறான் அல்லவா, அது அவன் உச்சந்தலை. பாவம், தண்ணீர் எடுக்கப் போன பையனுக்குக் கிரீடம் ஏது?

கர்ப்பிணிகளின் ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'சி.ஆர்.எல்.' என்று ஒரு எண் மில்லிமீட்டரில் இருக்கும். சி என்பது கிரவுன், ஆர் என்பது ரம்ப், அதாவது பின்புறம், எல் என்பது நீளம்: குழந்தையின் உச்சந்தலையிலிருந்து புட்டம் வரை அளந்த நீளம். கால்களை மடக்கி வைத்திருப்பதால் முழு உயரம் அளக்க முடியாது, அதனால் இந்த ஏற்பாடு. பதினோரு வாரத்திலிருந்து பதினாலு வாரத்துக்குள் எடுக்கும் கழுத்துப் பின்புற ஸ்கேனுக்கு இந்த அளவு 45 முதல் 84 மி.மீ.க்குள் இருக்க வேண்டும் என்பார்கள், குழந்தையின் வயதைக் கணிப்பதும் இதை வைத்துத்தான். பிரசவ அறையில் 'கிரவுனிங்' என்று சொன்னால், வலி விட்ட இடைவெளியிலும் உள்ளே போகாமல் குழந்தையின் உச்சந்தலை வெளியே தெரிகிறது, இனி கொஞ்ச நேரம்தான் என்று அர்த்தம்.

மரத்தின் கிரவுன் அதன் கிளையும் இலையும் சேர்ந்த மேல்பகுதி, காட்டுத்தீ அந்த உச்சி வழியாகவே மரத்துக்கு மரம் தாவினால் 'கிரவுன் ஃபயர்'. அன்னாசிக்கும் தென்னைக்கும் நாம் கொண்டை என்போம், அதுவும் கிரவுன். ரோட்டின் நடுப்பகுதி மழைத்தண்ணீர் வடிய லேசாக மேடாக இருக்குமே, அதுவும். தொப்பியில் விளிம்பை விட்டு மேலே உள்ள பகுதியும். இவை போதும்.

பல்லுக்கு வருவோம். பல்லில் எனாமல் மூடிய மேல்பகுதிக்கு இயற்கையிலேயே கிரவுன் என்றுதான் பெயர், ஈறுக்குள் இருப்பது வேர். டாக்டர் போடுவது அந்த மேல்பகுதிக்குப் பதிலாக ஒரு செயற்கை உறை. நம் ஊரில் அதை 'கேப்' என்றே சொல்கிறார்கள், இரண்டும் ஒன்றுதான், ஒருவர் கேப் என்றும் இன்னொருவர் கிரவுன் என்றும் சொன்னால் இரண்டு வைத்தியம் என்று குழம்ப வேண்டாம். ரூட் கனால் செய்த கடைவாய்ப் பல் ஏற்கனவே சொத்தையிலும் துளையிட்டதிலும் பாதி போயிருக்கும், அப்படியே விட்டால் ஒரு நாள் முறுக்கைக் கடிக்கும்போது நெட்டுக்குப் பிளந்துகொள்ளும், அதற்குத்தான் உறை. பல்லைச் சுற்றி ஒன்று, இரண்டு மி.மீ. சீவி, அச்செடுத்து, லேபில் செய்து ஒட்டுவார்கள். பில்லில் 'பி.எஃப்.எம்.' என்றிருந்தால் உலோகத்தின் மேல் பீங்கான், 'ஜிர்கோனியா' என்றிருந்தால் உலோகமே இல்லாதது, விலையும் கூட.

மீதி இருப்பது வட்டம், அதுவும் பல் வைத்த வட்டம். லாரிப் பட்டறை கிரவுன் இதுதான். என்ஜினிலிருந்து வரும் புரொப்பல்லர் ஷாஃப்ட் வண்டியின் நீளவாக்கில் சுற்றுகிறது, சக்கரமோ குறுக்குவாக்கில் சுற்ற வேண்டும். அந்த 90 டிகிரித் திருப்பத்தைச் செய்வது பின் ஹவுசிங்குக்குள் இருக்கும் கிரவுனும் பினியனும். கிரவுன் பெரிய வளையம், பினியன் அதோடு பல் கோத்துச் சுற்றும் சின்னச் சக்கரம். கிரவுனின் பற்கள் வெளி விளிம்பில் நீட்டிக்கொண்டிராமல் முகத்தின் மேல் எழுந்து நிற்கும், கவிழ்த்து வைத்துப் பார்த்தால் கிரீடம்தான். கிரவுனில் 41 பல், பினியனில் 6 பல் என்றால் ஷாஃப்ட் கிட்டத்தட்ட 6.83 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. வேகம் குறையும், இழுவை கூடும், லோடு லாரிக்கு வேண்டியது அதுதான். இரண்டையும் தொழிற்சாலையிலேயே ஒன்றோடொன்று தேய்த்து ஜோடியாக்கி ஒரே எண் வெட்டி அனுப்புவார்கள், அதனால் பினியன் மட்டும் போனாலும் செட்டாகத்தான் மாற்ற வேண்டும். பழைய கிரவுனுக்குப் புதுப் பினியன் போட்டு மிச்சம் பிடித்தால், பின்னாலிருந்து ஊளைச் சத்தம் கேட்டுக்கொண்டே ஊர் போய்ச் சேரலாம்.

சோடா, பீர் பாட்டில் மூடியும் கிரவுன்தான், முழுப்பெயர் 'கிரவுன் கார்க்'. பால்டிமோரில் வில்லியம் பெயின்டர் என்பவர் 1892இல் காப்புரிமை வாங்கினார். அவர் மூடிக்கு 24 பல், இப்போது வருவது 21 பல், சந்தேகம் இருந்தால் ஒன்றை எடுத்து எண்ணிப் பாருங்கள். ஒரு தடவை திறந்தால் தூக்கி எறிய வேண்டியதுதான், ஆகவே வியாபாரம் நிற்காது. இந்தத் தத்துவத்தை அவர் தன் விற்பனையாளர் ஒருவருக்கும் சொல்லிக்கொடுத்தாராம். அந்த ஆள்தான் பிற்பாடு தூக்கி எறியும் பிளேடு கொண்டுவந்த கிங் ஜில்லெட். கிரவுன் கம்பெனியில் வேலை பார்த்தவர் பேரே கிங், நான் சேர்த்ததில்லை. நம் கோலி சோடாவுக்கு இந்தக் கிரீடம் தேவைப்படவில்லை. 1872இல் ஹைரம் காட் கொண்டுவந்த பாட்டில் அது, உள்ளே இருக்கும் கேஸே கோலியைத் தள்ளி வாயை அடைத்துவிடும்.

கைக்கடிகாரத்தின் பக்கவாட்டுத் திருகும் கிரவுன், ஓரத்தில் வரிவரியாகப் பல் இருக்கும். 1840கள் வரை பையில் வைக்கும் கடிகாரத்துக்குத் தனிச் சாவி உண்டு, அதன்பிறகுதான் திருகு வந்தது. நாம் இன்னும் 'சாவி கொடுக்கிறோம்'.

இந்தச் சொல்லின் உறவுக்காரச் சொற்களையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம். 1968இல் வைரஸ் ஆய்வாளர்கள் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்த கிருமியைச் சுற்றி, கிரகணத்தின்போது சூரியனைச் சுற்றித் தெரியும் ஒளிவளையம் மாதிரி இருந்ததால் கொரோனா என்று பெயர் வைத்தார்கள். இதயத்தை வளைத்து ஓடும் ரத்தக்குழாய்க்கு கரோனரி. சந்தேக மரணங்களை விசாரிக்கும் கரோனர், 1194இலிருந்து இங்கிலாந்தில் கிரவுனின் வருமானத்தைப் பார்த்துக்கொண்ட அதிகாரி.

கடைசியாகப் பயன்பாடு. தலையணிகளில் முழு வட்டமாக இருந்தால் கிரவுன், பிரபுக்கள் வைக்கும் சின்னது கோரோனெட், பெண்கள் முன்பக்கம் மட்டும் வைக்கும் அரைவட்டம் டியாரா. அழகிப் போட்டியில் வைப்பது பெரும்பாலும் டியாரா வடிவம்தான், ஆனாலும் எல்லாரும் கிரவுன் என்கிறார்கள், விட்டுவிடலாம். 'டு கிரவுன் இட் ஆல்' என்று ஒரு வாக்கியம் தொடங்கினால் நல்லது வருகிறது என்று நம்பிவிடாதீர்கள், பெரும்பாலும் கிண்டல். பஸ்ஸை விட்டான், குடையை மறந்தான், 'டு கிரவுன் இட் ஆல்' மழையும் பிடித்துக்கொண்டது என்கிற மாதிரி, நாம் 'போதாக்குறைக்கு' என்போமே அது. 'கிரவுன் ஜுவல்ஸ்' என்பது அரச நகைகள், ஆனால் கால்பந்து வர்ணனையில் ஒரு வீரருக்கு அங்கே அடிபட்டது என்றால் நகைக்கடைப் பக்கம் போக வேண்டாம், இடுப்புக்குக் கீழே. 'கிரவுன் பிரின்ஸ்' என்பதைத் தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் பட்டத்து இளவரசர் என்றும் இலங்கைப் பத்திரிகைகள் முடிக்குரிய இளவரசர் என்றும் எழுதுகின்றன, இரண்டும் சரி. கிரீட இளவரசர் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.